உலையரிசியும் உள்ளாட்சி வாக்கும்



தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சட்டமன்றமும் நாடாளுமன்றமும்தாம். சுவரெங்கும் சின்னங்கள், தெருவெங்கும் ஒலிபெருக்கி, பெருந்தலைவர்களின் வருகை என்று ஊரே திருவிழாக் கோலம் பூணும். உள்ளாட்சித் தேர்தல் வந்தாலோ, "மெம்பர் எலெக்‌ஷன்தானே, யார் வந்தால் என்ன?" என்று பெரியவர்களே சொல்லக் கேட்கிறோம். உணவு என்றதும் நினைவுக்கு வருபவர் உழவர். நினைவுக்கு வருபவை மழை, அரிசிக் கடை, அன்னையின் அடுப்பு. வார்டு உறுப்பினருக்கும் நம் வீட்டு உலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் சிரிப்பவரும் உண்டு. அத்தொடர்பு மிக நெருங்கியது. நாளை வாக்காளராகப் போகும் நாம் அதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நம் ஊரும் நம் சோறும்

ஆரணி, செய்யாறு, வந்தவாசி, சேத்துப்பட்டு ஆகிய நான்கு ஊர்களுக்கும் நடுவே அமைந்தது நம் பெரணமல்லூர். 1989-இல் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. பட்டுச் சேலையால் ஆரணி பெயர் பெற்றதை உலகறியும். அதே ஆரணியும் அதன் அருகிலுள்ள களம்பூரும் அரிசிக்கும் பெயர் பெற்றவை. ஒரு வீட்டில் தறியின் ஓசை. அடுத்த வீட்டில் நெல் மூட்டை. மானாவாரி நிலத்தில் மல்லாட்டை. உழவர் விளைவித்ததை நெசவாளர் உண்கிறார். நெசவாளரின் கூலி மீண்டும் உழவரிடம் போய்ச் சேர்கிறது. ஏரியில் நீர் இல்லையென்றால் உழவருக்கு மட்டுமா துன்பம்? கூலிக்குத் தறி நெய்பவரின் வீட்டிலும் அரிசி விலை ஏறுகிறது.

ஒரு பிடி அரிசி நம் உலைக்கு வரும் வழியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மழைநீர் வரத்துக் கால்வாய் வழியே ஏரிக்கு வரவேண்டும். மதகு வழியே வயலுக்குப் பாயவேண்டும். அறுத்த கதிரை அடிக்கவும் நெல்லை உலர்த்தவும் களம் வேண்டும். மூட்டையை ஏற்றிச் செல்லச் சாலை வேண்டும். விற்கவும் வாங்கவும் சந்தையும் கடையும் வேண்டும். சமைக்க நல்ல தண்ணீர் வேண்டும். உண்டபின் எஞ்சும் கழிவு அகல வேண்டும். அகலாவிட்டால் அதுவே ஈயாகவும் நோயாகவும் நம் தட்டுக்குத் திரும்பி வரும். இவ்வளவும் சேர்ந்ததே உணவு ஏற்பாடு. இவ்வழியில் எத்தனை இடங்களில் உள்ளாட்சியின் கை இருக்கிறது என்பதை அறிந்தால் நாம் வியப்படைவோம்.

2. வாக்கில்லாக் காலத்துப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பாட்டன்மார் 'தாது வருடப் பஞ்சம்' என்று சொல்வதுண்டு. நம் வட ஆர்க்காடும் அதற்குத் தப்பவில்லை. அந்நாளில் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த கூலியாள் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே பெறலாம் என்று அரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள் துரை அளவு குறித்தார். மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த அதே வேளையில் தானியம் கப்பலேறி வெளிநாட்டுக்குச் சென்றது.

அப்பஞ்ச காலத்தில் பிரான்சு நாட்டிலிருந்து வந்து சேத்துப்பட்டுப் பகுதியில் பணியாற்றிய தாராஸ் அடிகளார் பசித்தோருக்கு உதவியதை நம் வட்டாரத்துக் கிறித்தவர்கள் இன்றும் நன்றியுடன் பேசுகின்றனர். சேத்துப்பட்டில் லூர்து அன்னைக்கு ஆலயம் எழுப்பியவரும் அவரே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1867-இல், வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் பசி தீர்த்து வருகிறது. இவர்கள் செய்தது தெய்வப் பணி. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அன்றைய மக்களுக்கு அருளாளரிடம் கையேந்த முடிந்தது. ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்க முடியவில்லை. அளவு குறித்த துரையை அமர்த்தியவர்கள் மக்கள் அல்லர். அவரை நீக்கவும் மக்களால் இயலாது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பஞ்சங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். 1998-இல் நோபெல் பரிசு பெற்றவர். முறையாகத் தேர்தல் நடக்கும், செய்தித்தாள்கள் தடையின்றிப் பேசும் நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்பது அவர் கண்ட முடிவு. அடுத்த தேர்தலில் மக்களைச் சந்திக்க வேண்டியவர் பசிக்குரலைக் கேளாதிருக்க முடியாது. பஞ்சத்தைத் தடுக்கும் வலிமை வாக்குக்கு உண்டென்றால், அன்றாடச் சத்துக் குறைவையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் தீர்க்கும் வலிமையும் அதற்கு உண்டு. ஆனால் இவற்றுக்கு உரிய இடம் தலைநகரம் மட்டுமன்று, நம் தெருவுமாகும்.

3. உத்திரமேரூர் காட்டும் பாடம்

வந்தவாசிக்கு வடகிழக்கே உள்ளது உத்திரமேரூர். அங்குள்ள கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை.

தேர்வுக்கு இக்கல்வெட்டைப் படிக்கும் நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். அவ்வாறு தேர்ந்தோரை எந்தெந்த வேலைக்கு அமர்த்தினர்? ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியும் தோட்டமும் உணவின் ஊற்றுகள் அல்லவா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்த் தேர்தலின் தலையாய வேலைகளுள் ஒன்றாக உணவு இருந்திருக்கிறது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது. எவ்வளவு கூர்மையான விதி!

ஆனால் பழம்பெருமை பேசி மகிழ்ந்துவிடக் கூடாது. அது அந்தணர் ஊர்ச்சபை. நிலமும் மனையும் உடைய, மறை கற்ற ஆடவருக்கே அக்குடத்தில் இடம். ஏரி நீரைக் கொண்டு நாற்று நட்ட பெண்ணுக்கும், வயலில் உழுத கூலியாளுக்கும் அங்கே ஓலை இல்லை. இன்று 18 வயது நிரம்பிய எவருக்கும் வாக்கு உண்டு. அன்று ஓலை மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று வாக்காளர்களில் மிகப் பலர். அத்தகைய வாக்கை வீணாக்கலாமா?

4. ஓர் அணாத் தீர்மானம்

உள்ளாட்சி மன்றம் ஒன்று நினைத்தால் பசியை எவ்வாறு தீர்க்கலாம் என்பதற்குத் தமிழகத்தின் தலைசிறந்த சான்று சென்னையில் கிடைக்கிறது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி தருவது என்பதே அத்தீர்மானம். அப்போது மன்றத்தின் தலைவராய் இருந்தவர் பிட்டி தியாகராயர். நெசவுத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்தவர். கைத்தறியை வளர்க்கப் பாடுபட்டவர். தறியோசை கேட்டு வளரும் நமக்கு இது தனி மகிழ்ச்சி தரும் செய்தி.

பிள்ளைகள் ஏழைகள், பசியோடு பள்ளிக்கு வரமாட்டார்கள், ஆகவே பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. இதுதான் மன்றத்தில் எடுத்துரைக்கப்பட்ட காரணம். உணவு தந்ததும் பிள்ளைகள் வந்தனர். திட்டம் மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. 1925-இல் ஆங்கில அரசு குறுக்கிட்டது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அது இசையவில்லை. உணவு நின்றது. பின்னர் 1927-இல் மீண்டும் தொடங்கியது.

அந்தச் சிறு விதையிலிருந்து எழுந்த மரத்தை நாம் அறிவோம். 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் முதலமைச்சர் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2024 ஜூலை 15-இல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தபோது, தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் பள்ளி. நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளி அது.

இத்திட்டங்களைச் செய்தோர் வெவ்வேறு கட்சியினர். எவரைப் புகழ்வதும் எவரைத் தாழ்த்துவதும் நம் வேலையன்று. நாம் கருத வேண்டியது இதுவே: முதல் கவளம் டெல்லியிலிருந்தோ கோட்டையிலிருந்தோ வரவில்லை, ஒரு நகரின் உள்ளாட்சி மன்றத்திலிருந்து வந்தது. தெருவின் பசியைத் தெருவில் இருப்பவரே முதலில் காண்பார்.

5. சட்டம் தந்த உரிமை

இந்திய அரசியலமைப்பின் 73-ஆம், 74-ஆம் திருத்தங்கள் 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அவற்றின் கட்டளை. அதன்படி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது.

ஊரக உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என 29 துறைகளை அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் முதலாவது வேளாண்மை. சிறு பாசனம், கால்நடையும் பாலும் கோழி வளர்ப்பும், மீன் வளர்ப்பு, குடிநீர், சந்தைகள், பெண்கள் குழந்தைகள் நலம், பொது விநியோகம் ஆகியவையும் அதில் உண்டு. உழுவது முதல் உண்பது வரை எல்லாமே அதில் அடங்கிவிட்டன எனலாம்.

நம் பெரணமல்லூர் பேரூராட்சி. இங்கு வாக்காளர் தம் வார்டு உறுப்பினருக்கு ஒரு வாக்கு அளிப்பார். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பர். நம்மைச் சூழ்ந்துள்ள சிற்றூர்கள் ஊராட்சிகள். பெரணமல்லூர் ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கியவை. அங்கிருந்து பள்ளிக்கு வரும் தோழியரின் பெற்றோர் நான்கு வாக்குகள் அளிப்பர்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். நான்கு வாக்குச் சீட்டும் நான்கு நிறம். தலைவருக்கான சீட்டை மட்டும் கவனமாய் முத்திரையிட்டு, மற்றவற்றை ஏனோதானோ என்று மடித்துப் போடுவோர் பலர். அவ்வாறு செய்வது ஏன் தவறு என்பதை இனிக் காண்போம்.

6. உள்ளாட்சியின் கை உணவில் படும் இடங்கள்

முதலாவது, ஏரி. தமிழ்நாட்டில் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன; பெரிய ஏரிகள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. கரையை உயர்த்துவது, மதகைச் சீர் செய்வது, வண்டல் எடுப்பது, வரத்துக் கால்வாயில் வளர்ந்த சீமைக்கருவேலை அகற்றுவது ஆகியவற்றுள் எது முதலில் என்பதை ஒன்றியக் குழுவின் தீர்மானம் முடிவு செய்யும். மழைக்காலத்தில் ஏரி கோடி போவதும், மழை பெய்தும் ஏரி காய்ந்து கிடப்பதும் வானத்தை மட்டும் பொறுத்தவை அல்ல.

இரண்டாவது, களமும் வண்டிப் பாதையும். களம் இல்லாத ஊரில் நெல்லைத் தார்ச்சாலையில் உலர்த்துவதைக் காண்கிறோம். வண்டிச் சக்கரத்தில் மணி நொறுங்குகிறது, விபத்தும் நேர்கிறது. நெல்லுக்கு ஆதார விலை குறிப்பது மத்திய அரசு. கொள்முதல் செய்வது மாநில அரசின் வாணிபக் கழகம். ஆனால் உலர்களம் கட்டித் தருவதும் வயலுக்குச் செல்லும் பாதையைப் போடுவதும் உள்ளூரில் தொடங்கும் வேலைகள்.

மூன்றாவது, சந்தை. பொதுச் சந்தையை நடத்துவது உள்ளாட்சி. கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுவதும் அதுவே. கட்டணம் மிகுந்தால் கூடையில் கீரை கொண்டுவரும் மூதாட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார்; அல்லது அச்சுமையும் கீரை விலையில் ஏறும். நிழற்கூரை, குடிநீர், பெண்களுக்கான கழிப்பிடம் ஆகியவை இல்லாத சந்தையில் பெண் வியாபாரிகள் படும் தொல்லை சொல்லி முடியாது.

நான்காவது, குடிநீர். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் கழுவுவது, குளோரின் கலப்பது, உடைந்த குழாயைச் சீர் செய்வது ஆகியவை உள்ளாட்சியின் அன்றாடக் கடமைகள். எவ்வளவு நல்ல அரிசியானாலும் கெட்ட நீரில் வெந்தால் பயனில்லை. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உண்ட சத்தும் உடலில் ஒட்டாது.

ஐந்தாவது, தூய்மை. இறைச்சிக் கூடமும் குப்பையும் சாக்கடையும் உள்ளாட்சியைச் சார்ந்தவை. கடையில் விற்கும் உணவின் கலப்படத்தைச் சோதிப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு அலுவலரின் வேலை. ஆனால் அக்கடையின் முன்னே தேங்கும் சாக்கடையை அகற்ற வேண்டியது உள்ளாட்சியே.

ஆறாவது, சத்துணவுக் கூடமும் ரேஷன் கடையும். சமையற்கூடத்தின் கூரை ஒழுகினாலும் குழாயில் நீர் வராவிட்டாலும் ஊராட்சியும் ஒன்றியமும் கவனிக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், நியாய விலைக் கடைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் வேலையை உள்ளாட்சிகளிடம் அளித்துள்ளது. ரேஷன் கடையின் கணக்கு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். வந்த அரிசி எவ்வளவு, வழங்கியது எவ்வளவு என்று எழுந்து கேட்கும் உரிமை அவ்வூர் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

இப்போது சொல்லுங்கள் தோழியரே, வார்டு உறுப்பினருக்கும் நம் உலைக்கும் தொடர்பு இல்லையா?

7. கடல் கடந்து ஒரு சான்று

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டில் பெலோ ஒரிசோண்டே என்றொரு பெருநகரம் உண்டு. 1992-இல் அங்கு நடந்த நகரத் தேர்தலில் பட்ரூஸ் அனானியாஸ் என்பவர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உணவு ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று அறிவித்து, 1993-இல் உணவுக்கென்றே நகர நிருவாகத்தில் தனித் துறை ஒன்றை அவர் தலைமையிலான ஆட்சி அமைத்தது. குறைந்த விலையில் மக்கள் உணவகம் திறந்தனர். சிறு உழவர்கள் நேரே விற்க நகரில் இடம் தந்தனர். காய்கனிகளைக் குறித்த விலையில் விற்கும் கடைகளுக்கு வாய்ப்பளித்தனர். பள்ளி உணவைச் சீர்படுத்தினர். நம் சென்னையிலும் 2013-இல் மாநகராட்சியே அம்மா உணவகங்களைத் திறந்து ஒரு ரூபாய்க்கு இட்டலி வழங்கியது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. உணவு ஏற்பாடு நகர மன்றத்தின் வேலைதான் என்பதற்கு இவை இரண்டும் சான்றுகள்.

8. நாம் இழப்பது எங்கே?

இத்தனை உரிமை இருந்தும் ஏன் குறைகள் தீரவில்லை? மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

ஒன்று, தேர்தலே நடவாத காலங்கள். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் வழக்குகளால் தடைப்பட்டது. நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் தனி அலுவலர்கள் நிருவகித்தனர். 2020-இல் கொரோனா பெருந்தொற்றால் நாடே முடங்கியபோது, தறி நின்று கூலி நின்று குடும்பங்கள் தவித்தபோது, நம்மைப் போன்ற பேரூராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அலுவலர் உழைத்தனர்; அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சந்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்தவரும், அறிந்ததை மன்றத்தில் சொல்லக் கடமைப்பட்டவரும் வார்டு உறுப்பினரே. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோதும் உரிய நாளில் தேர்தல் நடவாமல் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். தேர்தல் தள்ளிப்போவதைப் பற்றி ஊரில் எவரும் கவலைப்படவில்லை என்றால், அதுவே நம் முதல் இழப்பு.

இரண்டு, வாக்குக்குக் காசு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் வாக்கை 500 ரூபாய்க்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு 1,826 நாள். நாளொன்றுக்கு 28 காசு கூட முழுதாக வரவில்லை. 27 காசுக்கு ஏரியும் குடிநீரும் சந்தையும் சத்துணவும் கைமாறிப் போகின்றன! கொடுத்தவர் அதைத் திரும்ப எடுக்க எங்கே போவார்? மதகிலும் குழாயிலும் சாலையிலும்தான் எடுப்பார்.

மூன்று, பெயருக்குப் பெண். 1996 முதல் மூன்றில் ஒரு பங்கு இடங்களும், 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தால் சரிபாதி இடங்களும் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு உரியவை ஆயின. நாற்காலியில் பெண் அமர, கையெழுத்திடும் தாளைக் கணவரோ தமையனோ நீட்டும் அவலம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. குடத்தில் தண்ணீர் சுமப்பவள் பெண். ரேஷன் கடை வரிசையில் நிற்பவள் பெண். கடைசியாக உண்பவளும் பெண். அவள் வாய் திறந்து பேசினால் மன்றத்தின் வரிசை மாறும். விளக்குக் கம்பத்துக்கு முன் குடிநீர்க் குழாய் வரும். படித்த பெண்கள் முன்வந்தால் இக்குறை நீங்கும். 21 வயது நிரம்பினால் நாமே போட்டியிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டமன்றத் தொகுதியில் வாக்காளர் இலட்சக்கணக்கில் உள்ளனர். வார்டிலோ சில நூறு பேர். ஒரு வாக்கில் வெற்றி தோல்வி அமைவதும் உண்டு. இருவருக்கும் சம வாக்குகள் கிடைத்தால் குலுக்கிச் சீட்டெடுத்து முடிவு செய்வதே விதி. வீட்டில் இருந்துவிட்ட ஒருவர் வந்திருந்தால் குலுக்கலுக்கே வேலை இராது. நம் ஒரு வாக்கின் எடை மிகுந்திருப்பது உள்ளாட்சித் தேர்தலில்தான்.

9. நம் விசுவாசம் சொல்வது

பாலைநிலத்தில் பசித்திருந்த ஐயாயிரம் பேரை அனுப்பிவிடலாம் என்று சீடர் கருதியபோது, அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பைச் சீடரிடமே ஒப்படைத்தார் இயேசு பெருமான். ஒரு சிறுவனின் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் அப்புதுமைக்குத் தொடக்கம் ஆயின. பசியைக் கண்டும் காணாமல் போவது சீடருக்கு அழகன்று. சிறியவரின் பங்கும் சிறியதன்று.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொது நன்மைக்காக வாக்களிப்பதைக் குடிமக்களின் உரிமை என்றும் கடமை என்றும் போதிக்கிறது. பசியால் வாடுவோருக்கு உணவளிக்கும் கடமையையும் அதே ஏடு வற்புறுத்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், நாட்டளவிலும் நகராட்சி அளவிலும் அதிகாரத்தை மக்கள் கண்காணிக்காவிட்டால் இயற்கைக்கு நேரும் கேட்டைத் தடுக்க முடியாது என்று எச்சரித்தார். ஏரியும் நிலமும் இறைவன் எல்லார்க்கும் பொதுவாய்த் தந்த கொடை. பசித்தவர்க்குச் சோறிடுவதை எல்லாச் சமயங்களும் அறமெனப் போற்றுகின்றன. ஆகவே நம் பள்ளியில் பயிலும் பிற சமயத் தோழியருக்கும் இக்கடமை பொதுவானதே. தவக்காலத்தில் ஒரு பிடி அரிசி சேர்க்கும் நாம், ஊரெல்லாம் அரிசி விளையச் செய்யும் வாக்கையும் அதே பக்தியோடு போற்றுவோம்.

10. நாம் இன்றே செய்யக்கூடியவை

வாக்களிக்கும் வயது வரவில்லையே என்று வாளாவிருக்க வேண்டாம்.

அ. நம் வார்டு எண், அதன் உறுப்பினர் அல்லது பொறுப்பு அலுவலர் யார் என்பதை அறிந்து குறிப்பேட்டில் எழுதிவைப்போம்.

ஆ. கிராமத்துத் தோழியர் கிராம சபை கூடும் ஆறு நாட்களை மனத்தில் கொள்ளட்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்று தாயாரைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வோம். அவர் பேசத் தயங்கினால் கேட்க வேண்டிய கேள்வியைத் தாளில் எழுதித் தருவோம்.

இ. நம் ஊர் ஏரியின் மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றைப் பெரியவர் துணையோடு பார்த்து, நிலையைக் குறித்துவைப்போம். தேர்தலில் நிற்பவர் வாக்குக் கேட்டு வரும்போது கேள்விகள் ஆயத்தமாய் இருக்கும்.

ஈ. 17 வயது நிறைந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உ. வீட்டில் எவரேனும் வாக்குக்குக் காசு வாங்க நினைத்தால், மேலே கண்ட 27 காசுக் கணக்கைப் பணிவோடு சொல்லிக் காட்டுவோம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் தெருவுக்குக் குடிநீர் தரும் தொட்டி கடைசியாகக் கழுவப்பட்டது எப்போது? அதை எவரிடம் கேட்டு அறியலாம்?

2. உங்கள் ஊர் ஏரி ஒன்றியத்தைச் சேர்ந்ததா, நீர்வளத் துறையைச் சேர்ந்ததா?

3. 1920-இல் சென்னை மன்றம் செய்ததைப் போல, இன்று நம் பேரூராட்சி மன்றம் உணவுக்காக ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம் என்றால், எதை நிறைவேற்றச் சொல்வீர்கள்?

இவ்வினாக்களை வீட்டில் தாய் தந்தையரோடு பேசுங்கள். அன்று ஆயிரம் விளக்கில் ஓர் அணாவைக் கொண்டு தொடங்கிய நற்பணியைப் போன்றதொன்று நாளை நம் வார்டிலும் தொடங்கலாம். அதைத் தொடங்குபவர் நம் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கும் ஒரு தோழியாகவும் இருக்கலாம். அந்நாள் விரைவில் வர இறைவன் அருள்வாராக!